அம்மா, கொலைகாரர்கள் சொர்க்கத்துக்குப் போவார்களா?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், 1968-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் ‘நான் ஒரு மனிதன்’ என்ற அட்டையுடன் வேலைநிறுத்த ஊர்வலம் போனதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. அதனால் இந்த முறை சினிமா, அரசியல் கேள்விகளுக்கு விடுமுறை.

நிறவெறிக் கொலைகளை எதிர்த்து அமெரிக்காவில் நடந்த போராட்டங்களில் மிகச் சிறந்த பேச்சு என்று எதைச் சொல்வீர்கள்? (கல்லூரி மாணவி ஒருவர்)

ஒருவர்கூட வாய் திறக்காத ஒன்றைச் சொல்வேன். 1917 ஜூலை 28, சனிக்கிழமை. நியூயார்க் நகரின் ஐந்தாம் அவென்யூவில் ஏறக்குறைய பத்தாயிரம் கறுப்பின மக்கள் வரிசை வரிசையாக நடந்து வந்தார்கள். முதலில் குழந்தைகள், அடுத்து பெண்கள், எல்லோரும் வெள்ளை உடையில். அவர்களுக்குப் பின்னால் கறுப்பு சூட் அணிந்த ஆண்கள். கோஷம் கிடையாது, பாட்டு கிடையாது. ஒலியை அடக்கிக் கட்டிய முரசுகளின் சத்தம் மட்டும்தான்.

அந்த மாதத் தொடக்கத்தில் இலினாய் மாநிலத்தின் கிழக்கு செயின்ட் லூயிஸ் நகரத்தில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பர் குடியிருப்புகளுக்குத் தீ வைத்தன. தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள், அடித்துக் கொன்றார்கள். அரசுக் கணக்கில் இறந்த கறுப்பர்கள் 39 பேர். நூறைத் தாண்டும் என்று அப்போதே சொன்னவர்கள் உண்டு. ஆயிரக்கணக்கான பேருக்கு வீடு போயிற்று. அதற்குப் பதிலாகத்தான் இந்த ஊர்வலம். நடத்தியது என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பின உரிமைச் சங்கமும் நியூயார்க்கின் கறுப்பினத் தேவாலயத் தலைவர்களும். சங்கத்தின் களச் செயலாளர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனும், சங்கப் பத்திரிகையின் ஆசிரியர் டூ பாய்ஸும் அதில் நடந்தார்கள்.

நான் பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டும் தலைப்பு போட்டுக்கொண்டும் காலம் தள்ளியவன். ஆகவே என் கண் முதலில் பதாகைகளில்தான் போய் நிற்கும். அந்த ஏப்ரலில்தான் அதிபர் உட்ரோ வில்சன், உலகம் ஜனநாயகத்துக்குப் பாதுகாப்பான இடமாக வேண்டும் என்று சொல்லி ஜெர்மனி மீது போர் தொடுக்க நாடாளுமன்றத்தின் சம்மதத்தைக் கேட்டிருந்தார். ஊர்வலத்தில் ஒரு பதாகை: ‘அதிபர் அவர்களே, அமெரிக்காவை ஜனநாயகத்துக்குப் பாதுகாப்பான இடமாக ஆக்கினால் என்ன?’ திட்டு இல்லை, சாபம் இல்லை. அவர் சொன்னதை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

இன்னொரு பதாகை: ‘அம்மா, கும்பல் கொலைகாரர்கள் சொர்க்கத்துக்குப் போவார்களா?’ இதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை. கேள்வி பிள்ளை அம்மாவிடம் கேட்பது. ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் நடைபாதையில் நிற்கிற, ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிற வெள்ளைக்காரர். ‘போவார்கள்’ என்று சொன்னால் அவருடைய வேதத்துக்கு அர்த்தமில்லை. ‘போக மாட்டார்கள்’ என்று சொன்னால், அந்தக் கும்பலில் இருந்தவர்களும் அவரைப் போலவே ஞாயிறு தவறாதவர்கள்தானே? அவர் வாயைத் திறக்கவே வேண்டாம். கேள்வி உள்ளே போய்விட்டது.

வேடிக்கை பார்த்தவர்களில் சிலர் கண்ணில் நீர் நின்றதைப் பார்த்ததாக ஜான்சன் பின்னாளில் எழுதினார். பிள்ளைகளுக்கு வெள்ளை உடை உடுத்தி முன்னால் விட்டதும் திட்டமிட்ட காரியம்தான். ‘கறுப்பர் கூடினால் கலவரம்’ என்று படித்துப் பழகிய ஊர் அது. கலவரம் செய்தது யார் என்பதை ஒரு வார்த்தை இல்லாமல் காட்டிவிட்டார்கள்.

அந்த ஊர்வலத்தைப் போலீஸ் தடுக்கவில்லையா?

தடுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு பதாகையை மட்டும் எடுக்கச் சொன்னார்கள். ஒரு கறுப்பினப் பெண் அதிபர் வில்சன் முன்னால் மண்டியிட்டு, ஜனநாயகத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் இங்கே கொண்டுவாருங்கள் என்று கெஞ்சுவது போன்ற படம். கெஞ்சுவதுதான் உறுத்தியிருக்கிறது, பாருங்கள்.

கொலை நடந்த இடத்தில் போய்ப் புள்ளிவிவரம் பேசினால் எடுபடுமா? கேட்பவர் கொட்டாவி விட மாட்டாரா? (பள்ளி ஆசிரியர்)

யாருடைய புள்ளிவிவரம் என்பதைப் பொறுத்தது, ஐயா.

ஐடா பி. வெல்ஸ் என்ற பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன். 1862-ல் மிசிசிப்பியில் அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். மெம்ஃபிஸ் நகரில் ஆசிரியையாக இருந்து, பிறகு ‘ஃப்ரீ ஸ்பீச்’ என்ற பத்திரிகையில் பங்குதாரராகவும் ஆசிரியராகவும் ஆனவர். 1892 மார்ச்சில் அவருடைய நண்பர் தாமஸ் மாஸையும் இன்னும் இருவரையும் சிறையிலிருந்து இழுத்துப்போய் ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அவர்கள் செய்த குற்றம், வெள்ளைக்காரர் கடைக்கு எதிரே மளிகைக் கடை வைத்து நன்றாக வியாபாரம் செய்தது. அதில் மூண்ட தகராறுதான் சிறை வரை போனது.

வெல்ஸ் தலையங்கம் எழுதினார். நம் உயிரையும் உடைமையையும் காப்பாற்றாத ஊரில் நமக்கு என்ன வேலை, பணத்தைச் சேர்த்துக்கொண்டு கிளம்புங்கள் என்பதுதான் சாரம். ஜனங்கள் கூட்டம் கூட்டமாக மேற்கே கிளம்பினார்கள். இருந்தவர்கள் டிராம் வண்டியில் ஏறுவதை நிறுத்தினார்கள். அப்புறம் நடந்ததை வெல்ஸே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். டிராம் கம்பெனி அதிகாரிகள் இருவர் அவருடைய அலுவலகத்துக்கே வந்தார்களாம். ‘உங்கள் ஆட்கள் ஏன் வண்டியில் ஏறுவதில்லை? மின்சாரத்தைக் கண்டு பயமா?’ என்று கேட்டார்களாம். எத்தனை நாளாக இப்படி என்று இவர் கேட்டார். ஆறு வாரமாக என்றார்கள். கொலை நடந்தும் சரியாக ஆறு வாரம் ஆகிறதே என்றார் இவர். கொலைக்கும் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம் என்றார்கள். ஊரில் பெரிய மனிதர்கள் அனைவருக்கும் தெரிந்துதானே நடந்தது, கம்பெனியை நடத்துவதும் அவர்கள்தானே என்றார் வெல்ஸ். அவர்கள் போன பிறகு இந்தப் பேச்சை அப்படியே அடுத்த இதழில் அச்சிட்டுவிட்டார். வீடு தேடி வந்து செய்தி கொடுத்துவிட்டுப் போனால் எந்தப் பத்திரிகைக்காரர் விடுவார்!

மே மாதம் அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்துப் பத்திரிகை அலுவலகத்தை அழித்தார்கள். திரும்பி வந்தால் உயிர் போகும் என்று எச்சரிக்கையும் வந்தது. நியூயார்க்கிலிருந்து எழுத ஆரம்பித்தார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் தெற்கத்திய வெள்ளையர் சொன்ன ஒரே சாக்கு, ‘வெள்ளைப் பெண்களைக் கெடுப்பவர்களைத்தான் கொல்கிறோம்’ என்பது. நல்லவர்கள் என்று பெயர் எடுத்த வடக்கத்தியர்கள்கூட இதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். வெல்ஸ் கண்ணீர் விட்டு மறுக்கவில்லை. ‘சிகாகோ ட்ரிப்யூன்’ ஆண்டுதோறும் வெளியிட்ட கும்பல் கொலைப் பட்டியலை எடுத்தார். அது வெள்ளையர் பத்திரிகை. அதிலிருந்த காரணங்களை வகை பிரித்து 1895-ல் ஒரு நூலாகவே போட்டார். கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் மீது அப்படி ஒரு குற்றச்சாட்டே இல்லை என்று அவர்களுடைய ஏடே சொன்னது. கொலைகாரர்கள் தங்கள் வாயாலேயே குற்றவாளிகள் ஆகட்டும் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் கணக்கை ஆரம்பிக்கிறார். தன் இனத்தவர் திரட்டிய கணக்கைக் கொடுத்திருந்தால், ‘ஒருதலைப்பட்சம்’ என்ற ஒரே சொல்லில் குப்பையில் போட்டிருப்பார்கள்.

1893, 1894 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்துக்குப் போய்ப் பேசினார். மெம்ஃபிஸ் பருத்தி விற்று வாழ்ந்த ஊர், இங்கிலாந்தோ பெரிய பருத்திச் சந்தை. 1894-ல் மெம்ஃபிஸ் அருகே ஆறு கறுப்பர்களைக் கும்பல் கொன்றபோது, முன்பு வாய் மூடி இருந்த அதே ஊர் வியாபாரிகள் கூட்டம் போட்டுக் கண்டித்தார்கள். மனசாட்சியா, பருத்தியா என்று நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

தலைப்பு போடுவதில் உங்களுக்குப் பிடித்த உதாரணம் ஒன்று, இந்தப் பொருளிலேயே? (ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்)

நம் ஜாதிக்காரர் கேட்கிறீர்கள், அச்சு ஜாதியைச் சொல்கிறேன். 1930-களில் நியூயார்க்கில் என்.ஏ.ஏ.சி.பி. அலுவலகம் ஐந்தாம் அவென்யூவில் 69-ஆம் எண் கட்டடத்தில் இருந்தது. எங்காவது கும்பல் கொலை நடந்தது தெரிந்தால் சன்னலிலிருந்து ஒரு கறுப்புக் கொடியைத் தொங்கவிடுவார்கள். அதில் வெள்ளை எழுத்தில் ஒரே வாக்கியம்: ‘நேற்று ஒரு மனிதனைக் கும்பல் கொன்றது.’

பெயர் இல்லை, ஊர் இல்லை, நிறம் இல்லை. ‘கொடூரமாக’, ‘ஈவிரக்கமின்றி’ என்று ஒரு சொல் கிடையாது. நம்மிடம் கொடுத்திருந்தால் நாலு அடைமொழி சேர்த்துக் கெடுத்திருப்போம். இதில் வேலை செய்வது ‘நேற்று’ என்ற சொல். கீழே போகிறவர் நேற்று என்ன செய்துகொண்டிருந்தார் என்று யோசிக்காமல் இருக்க முடியாது. 1938-ல் கட்டட உரிமையாளர், கொடியை எடுக்காவிட்டால் குத்தகை போய்விடும் என்று மிரட்டினார். எடுத்துவிட்டார்கள்.

இவ்வளவு சாமர்த்தியமாகப் பேசியும் சட்டம் வந்ததா என்று கேட்டால் இல்லை என்பீர்கள். அப்புறம் எதற்கு இந்தப் புகழ்ச்சி?

நியாயமான குத்தல். கும்பல் கொலையை மத்திய அரசுக் குற்றமாக்கும் மசோதா (கொண்டுவந்த உறுப்பினர் டயர் என்பவரின் பெயரால் ‘டயர் மசோதா’) 1922 ஜனவரியில் கீழவையில் நிறைவேறியது. செனட்டில் தேங்கிக் கிடந்தது. நவம்பரில் என்.ஏ.ஏ.சி.பி. ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. தலைப்பு ‘அமெரிக்காவின் அவமானம்’. மனிதர்களைக் கம்பத்தில் கட்டி எரிக்கிற ஒரே நாடு அமெரிக்கா என்பது உங்களுக்குத் தெரியுமா என்ற கேள்வியோடு ஆரம்பிக்கும். 1889 முதல் 1922 வரை கும்பல்கள் கொன்றவர்கள் 3,436 பேர், அவர்களில் பாலியல் குற்றம் சுமத்தப்பட்டவர்களாவது 571 பேர்தான், கொல்லப்பட்டவர்களில் 83 பேர் பெண்கள் என்று கணக்கு வரும். அந்தப் பெண்களையும் ‘வழக்கமான குற்றத்துக்காக’த்தான் கொன்றார்களா என்று ஒரு வரி. வெல்ஸ் காட்டிய வழிதான், அச்சு அசலாக.

தெற்கத்திய செனட்டர்கள் வாதத்துக்குப் பதில் சொல்லவே இல்லை. மற்ற வேலை எதுவும் நடக்க விடாமல் அவையை முடக்கினார்கள். டிசம்பரில் மசோதா கைவிடப்பட்டது. இப்படியே முட்டி மோதி, கும்பல் கொலைத் தடைச் சட்டத்தில் ஓர் அமெரிக்க அதிபர் கையெழுத்துப் போட்டது 2022 மார்ச்சில். நூறு ஆண்டு!

நல்ல பேச்சு ஓட்டுப் பெட்டியை உடைத்துக்கொண்டு உள்ளே போகும் என்று நான் எங்கும் சொல்லவில்லை. கொலைகாரனின் மனம் மாறும் என்றும் சொல்லவில்லை. இவர்கள் யாரும் கொலைகாரனிடம் பேசவே இல்லையே. கொலையை மன்னித்துக்கொண்டு, காப்பி குடித்தபடி பத்திரிகை படித்தவரிடம் பேசினார்கள். அவர் கையில் இருந்த சாக்கைப் பிடுங்கினார்கள். சாக்குப் போன பிறகும் அவர் சும்மா இருந்தால், அது அவர் பேரில்.

எம்மெட் டில் என்ற சிறுவனின் சிதைந்த உடலைப் பத்திரிகையில் போட்டது பண்பாடா? இன்று யாராவது செய்தால் நாம் திட்ட மாட்டோமா? (இல்லத்தரசி ஒருவர்)

திட்டத்தான் செய்வோம், பெரும்பாலும் நியாயமாகவே. ஆனால் இங்கே முடிவு எடுத்தது யார் என்று பாருங்கள் அம்மா.

சிகாகோவைச் சேர்ந்த எம்மெட்டுக்கு வயது 14. 1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில் மணி என்ற சிற்றூருக்கு உறவினர் வீட்டுக்குப் போயிருந்தான். ஒரு கடையில் வெள்ளைக்காரப் பெண்ணிடம் முறைதவறி நடந்ததாகச் சொல்லி அவனைத் தூக்கிக்கொண்டு போய், சித்திரவதை செய்து, சுட்டு, ஆற்றில் போட்டார்கள். மிசிசிப்பி அதிகாரிகள் அங்கேயே அவசரமாகப் புதைக்கப் பார்த்தார்கள். தாய் மேமி டில் விடவில்லை, உடலைச் சிகாகோவுக்கு வரவழைத்தார். பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னார். நான் பார்த்ததை உலகமும் பார்க்கட்டும் என்பதுதான் அவர் சொன்னதன் பொருள். பல்லாயிரம் பேர் வந்து பார்த்தார்கள். கறுப்பின வாசகர்களுக்கான ‘ஜெட்’ வார இதழ் படத்தை வெளியிட்டது.

இதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1916-ல் டெக்சாஸின் வேக்கோ நகரில் ஜெஸ்ஸி வாஷிங்டன் என்ற 17 வயதுப் பையனை ஆயிரக்கணக்கானோர் பார்க்க உயிரோடு எரித்தார்கள். உள்ளூர்ப் புகைப்படக்காரர் படம் எடுத்தார், அஞ்சலட்டையாக விற்றார்கள். ஆமாம், ஊருக்குப் போனால் கோயில் படம் வாங்கி அனுப்புவது போல. அதே படங்களைத்தான் டூ பாய்ஸ் தன் ‘க்ரைசிஸ்’ இதழில் போட்டார். அவர்கள் பெருமைக்கு எடுத்தது இவர் கையில் சாட்சியானது.

மேமி டில் செய்தது அதைவிடக் கடினம். அங்கே படம் கொலைகாரர் பக்கத்திலிருந்து வந்தது, இங்கே தாய் தானே காட்டினார். விபத்தில் இறந்தவரின் படத்தைக் குடும்பத்துக்குச் செய்தி போவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறவர்கள் தயவுசெய்து மேமி டிலைத் துணைக்குக் கூப்பிட வேண்டாம். அவர் பெற்றவர். அவருக்கு உரிமை இருந்தது.

வழக்கு? வெள்ளை ஆண்கள் மட்டுமே இருந்த ஜூரி 67 நிமிடம் யோசித்து, குற்றம் சாட்டப்பட்ட வெள்ளையர் இருவரையும் விடுவித்தது. சில மாதத்தில் அவர்களே பணம் வாங்கிக்கொண்டு ஒரு பத்திரிகைக்குக் கொலையை ஒப்புக்கொண்டு பேட்டி கொடுத்தார்கள். மறுபடி வழக்குப் போட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள் என்று மாதம் தவறாமல் உபதேசிக்கிறீர்கள். மார்ட்டின் லூதர் கிங் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் ஒரு வாக்கியம் 300 சொல்லுக்கு மேல் போகிறதே? (இளம் நிருபர்)

மாட்டிவிட்டோம் என்று மகிழ்ச்சியா தம்பி? அந்த நீளம் எதற்கு என்று கேட்டிருக்க வேண்டும்.

1963 ஏப்ரல், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாம் நகரச் சிறை. எட்டு வெள்ளை மதகுருமார்கள், இந்த ஆர்ப்பாட்டங்கள் நேரமறியாத காரியம் என்று அறிக்கை விட்டிருந்தார்கள். பொறுங்கள் என்று அர்த்தம். கிங் பதில் எழுதுகிறார். உங்கள் தாய் தந்தையரைக் கும்பல்கள் இஷ்டத்துக்குக் கொன்றதை நீங்கள் பார்த்திருந்தால், போலீஸ்காரர்கள் உங்கள் சகோதரர்களை உதைப்பதைப் பார்த்திருந்தால், கேளிக்கைப் பூங்காவுக்கு நீ ஏன் போகக்கூடாது என்று ஆறு வயது மகளுக்கு விளக்க முடியாமல் நாக்குக் குழறியிருந்தால் என்று ‘ஆல்’ மேல் ‘ஆல்’ ஆக அடுக்கிக்கொண்டே போகிறார். முற்றுப்புள்ளி வரவே வராது. படிப்பவர் மூச்சு முட்டிக் காத்திருக்கிறார். கடைசியில், காத்திருப்பது எங்களுக்கு ஏன் கடினம் என்று அப்போது புரியும் என்கிறார். பொறுங்கள் என்றவர்களை முன்னூறு சொல் பொறுக்க வைத்துவிட்டார்.

அந்த அளவு காரணம் இருந்தால் நீங்களும் எழுதலாம். நகராட்சிக் கூட்டச் செய்திக்கு வேண்டாம்.

அதிகம் படிக்காதவர்கள் யாராவது இப்படிப் பேசி ஜெயித்திருக்கிறார்களா?

ஃபேனி லூ ஹேமர். மிசிசிப்பியில் பருத்தி எடுத்த கூலித் தொழிலாளி. ஓட்டுரிமைக்குப் பதியப் போனதற்காக வேலையும் இருப்பிடமும் போயின. 1963-ல் வினோனா சிறையில் அடித்து நொறுக்கினார்கள். 1964 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின் முன் சாட்சி சொன்னார். எப்படி ஆரம்பித்தார் தெரியுமா? தன் பெயர், தெரு, கதவு எண், ஊர், மாவட்டம். அது நிறப் பிரிவினையை ஆதரித்த செனட்டர் ஈஸ்ட்லண்ட், செனட்டர் ஸ்டென்னிஸ் ஆகியோரின் ஊர் என்பதையும் சேர்த்துக்கொண்டார். வீட்டு முகவரியைச் சொல்வதே உயிருக்கு ஆபத்தான ஊரிலிருந்து வந்தவர் அவர். அதற்குப் பிறகு யார் அடித்தார்கள், எதால் அடித்தார்கள், எங்கே அடித்தார்கள் என்று வரிசையாகச் சொன்னார். கடைசியில்தான், இதுதானா அமெரிக்கா என்று கேட்டார்.

அதிபர் லிண்டன் ஜான்சன் பயந்துபோய், தொலைக்காட்சிகளின் கவனத்தைத் திருப்ப அவசரமாக நிருபர்களைக் கூட்டிப் பேசினார். நேரடி ஒளிபரப்பு அறுந்தது. இரவுச் செய்தியில் ஹேமரின் பேச்சைப் போட்டார்கள், இன்னும் அதிகம் பேர் பார்க்கிற நேரத்தில். ஜெயித்தாரா என்றால், அந்த ஆண்டு, மிசிசிப்பியின் வெள்ளையர் குழுவுக்குப் போட்டியாக வந்திருந்த அவருடைய ‘சுதந்திர ஜனநாயகக் கட்சி’க்கு மாநாட்டில் இரண்டே இடம் தருவதாகச் சொன்னார்கள், வேண்டாம் என்று வந்துவிட்டார்கள். 1968 மாநாட்டில் பிரதிநிதியாகவே உட்கார்ந்தார்.

அமெரிக்கக் கறுப்பினத் தலைவர்களில் கிங்கா, மால்கம் எக்ஸா?

ரஜினியா கமலா என்பது போலக் கேட்டால் எப்படி? அடுத்த கேள்வி.

இங்கிலாந்தில் இப்படி எதுவும் உண்டா? தமிழர் யாராவது?

இரண்டுக்கும் உண்டு. 1981 ஜனவரி 18 அதிகாலை, தென்கிழக்கு லண்டனின் நியூ கிராஸ் பகுதியில் பிறந்தநாள் விருந்து நடந்த வீட்டில் தீப்பிடித்து 13 கறுப்பின இளைஞர்கள் இறந்தார்கள். நிறவெறியர் வைத்த தீ என்று அந்த மக்கள் நம்பினார்கள். இரண்டு முறை விசாரணை நடந்தும் காரணம் உறுதியாகவில்லை. ஆனால் அவர்களை அதைவிட எரித்தது அரசின் மௌனம். ‘பதிமூன்று பேர் மாண்டார், ஒரு சொல் யாரும் சொல்லார்’ என்ற மாதிரி எதுகையோடு ஒரு கோஷம் பிறந்தது.

மார்ச் 2-ஆம் தேதி 20,000 பேர் வரை ஊர்வலம் போனார்கள். திங்கட்கிழமை! ஞாயிறு வைத்திருந்தால் வெறிச்சோடிய தெருவில் நடந்திருப்பார்கள். வேலை நாளில், வேலையை விட்டுவிட்டு, பத்திரிகை அலுவலகங்கள் வரிசையாக இருந்த ஃப்ளீட் தெரு வழியாகவே போனார்கள். மறுநாள் சில பத்திரிகைகள் ஏதோ கலவரம் நடந்தது போலத் தலைப்பு போட்டன. எங்கள் தொழிலின் லட்சணம் அது.

தமிழர் என்றால் அம்பலவாணர் சிவானந்தன். 1923-ல் கொழும்பில் பிறந்தவர், பூர்விகம் யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாய். 1958-ல் இலங்கையில் தமிழர் மீது நடந்த வன்முறைக்குப் பிறகு குடும்பத்தோடு லண்டன் கிளம்பினார். போய் இறங்கினால் அங்கே நாட்டிங் ஹில் பகுதியில் கறுப்பர்கள் மீது வெள்ளையர் தாக்குதல் நடக்கிறது. 1964-ல் அங்கே இன உறவுகள் ஆய்வு நிறுவனத்தில் நூலகராகச் சேர்ந்தார், பிறகு அதன் இயக்குநர் ஆனார். ‘உங்கள் ஊருக்குத் திரும்பிப் போங்கள்’ என்ற கூச்சலுக்கு அவர் சொன்ன பதில் குடியேறிய மக்களின் ஊர்வலமெங்கும் பரவியது: ‘நீங்கள் அங்கே வந்தீர்கள், அதனால் நாங்கள் இங்கே இருக்கிறோம்.’

அவர் 2018-ல் காலமானார். கட்டுரைகள் புத்தகமாகக் கிடைக்கின்றன. ஒரு நாவலும் எழுதியிருக்கிறார், இலங்கையைப் பற்றி. முதலில் அதை எடுங்கள்.